ராஜ்தூத் 350: வேகம் வந்தது, பிரேக் வரவில்லை

ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் இன்றைக்குப் பள்ளிக்கூடப் பையன்கூட போர்ஷே, ஃபெராரி, லம்போர்கினி என்று வரிசையாக அடுக்குவான். 1980-களின் தொடக்கத்தில் இந்தியாவில் நிலைமை வேறு. ரோட்டில் ஓடியவை அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும்தான். வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்வது சாதாரண மனிதன் கனவிலும் நினைக்க முடியாத விஷயம். வரியே விழுங்கிவிடும்!

நம்ம ஊரிலேயே ஒரு முயற்சி நடந்தது. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரைக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரின் உடம்பு அதற்கு. பார்த்தால் பாயும் புலி. உள்ளே இருந்ததோ பழைய வேன்கார்டு கால எஞ்சினின் வாரிசு. ஆள் புலி, மூச்சு பூனை! சில வருடங்களிலேயே அந்தக் கதை முடிந்துவிட்டது.

அப்படியானால் நிஜமான வேகம் அந்தக் காலத்து இந்தியனுக்குக் கிடைக்கவே இல்லையா? கிடைத்தது. ஆனால் நான்கு சக்கரத்தில் அல்ல, இரண்டு சக்கரத்தில். அதுதான் ராஜ்தூத் 350.

பத்து வருடம் தாமதமாக வந்த விருந்தாளி

ஜப்பானின் யமஹா கம்பெனி ஆர்.டி. 350 என்ற பைக்கை 1973-ல் வெளியிட்டது. 347 சி.சி., இரட்டை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், ஆறு கியர், ஏறத்தாழ 39 குதிரைத்திறன். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். தன்னைவிடப் பெரிய எஞ்சின் வைத்த பைக்குகளையே திணறடித்த வண்டி அது. அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாடு இறுகியதும் அங்கே டூ-ஸ்ட்ரோக் பைக்குகளின் காலம் முடியத் தொடங்கியது.

உலகம் அந்த வண்டியைத் தாண்டிப் போன பிறகு, 1983-ல், எஸ்கார்ட்ஸ் கம்பெனி அதை 'ராஜ்தூத் 350' என்ற பெயரில் இந்தியாவில் தயாரிக்கத் தொடங்கியது. நம் ரோட்டுக்காகவும் நம் பெட்ரோல் விலைக்காகவும் சக்தியைக் குறைத்தார்கள். முதலில் வந்த எச்.டி. ரகத்துக்கு 30.5 குதிரைத்திறன். பிறகு மைலேஜைக் கொஞ்சம் கூட்டுவதற்காக இன்னும் அடக்கி வாசித்த எல்.டி. ரகத்துக்கு 27.

குறைத்த பிறகும் இது எவ்வளவு என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதே காலத்து புல்லட் 350-க்கு 18 குதிரைத்திறன். பிரீமியர் பத்மினிக்கு சுமார் 40. ஓட்டுபவரையும் சேர்த்துப் பார்த்தால் பத்மினியில் ஒவ்வொரு குதிரையும் 24 கிலோவை இழுக்க வேண்டும். புல்லட்டில் 13 கிலோ. ராஜ்தூத் 350-ல் வெறும் 7 கிலோ! அந்தக் காலத்து இந்திய ரோட்டில் ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

குணம் தெரிந்து பழக வேண்டும்

இந்த வண்டிக்கு இரண்டு முகம். ஆக்சிலேட்டரை மெதுவாகத் திருகினால் பரம சாது. எஞ்சின் சுற்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000-ஐத் தாண்டியதும் திடீரென்று வேறு வண்டியாகிவிடும். கைப்பிடியில் பிடி தளர்ந்திருந்தால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். சக்தி படிப்படியாக வராமல் ஒரே மூச்சில் வந்து கொட்டுவது பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் பிறவிக் குணம். புல்லட் ஓட்டிப் பழகியவர் இதில் ஏறினால் முதல் நாளே வியர்த்துப்போவார்.

அடுத்து ஆயில். இந்த வண்டியில் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டியதில்லை. தனி டேங்கில் 2டி ஆயில் ஊற்றினால் போதும், ஒரு சின்ன பம்ப் அளந்து அனுப்பும். வசதிதான். ஆனால் டேங்க் காலியானதைக் கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அதனால்தான் அனுபவசாலிகள் வேகமாகப் போகும்போது இடதுகை விரல்களைக் கிளட்ச் மேலேயே வைத்திருப்பார்கள். வண்டி பிடித்த அந்தக் கணத்தில் கிளட்சை அழுத்தினால் உயிர் தப்பும்.

மலையிறக்கத்தில் இன்னொரு வித்தை உண்டு. ஆக்சிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு நீண்ட தூரம் இறங்கினால் பம்ப் அனுப்பும் ஆயிலும் குறைந்துவிடும். எனவே இடையிடையே ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு இறங்க வேண்டும். இதையெல்லாம் எந்த ஷோரூமிலும் சொல்லித் தந்துவிட முடியாது. கையும் காதும் மெல்ல மெல்லப் படித்துக்கொள்ளும் பாடம்.

இரண்டு கார்புரேட்டர், இரண்டு செட் பாயிண்ட், இரண்டு சைலன்சர். இரண்டு சிலிண்டரும் ஒத்துப் போகாவிட்டால் வண்டி உதறும், பெட்ரோலைக் குடிக்கும். எல்லா மெக்கானிக்கும் இதில் கை வைக்கத் துணிய மாட்டார்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவர் கிடைத்துவிட்டால் அவரை விடவே கூடாது!

உண்மையான குறை எங்கே?

'ஆர்.டி. என்றால் ரேபிட் டெத்' என்ற பேச்சு அன்றைக்கே பரவிவிட்டது. ரேசில் உருவானது என்ற பொருள் கொண்ட பெயரை 'சீக்கிர மரணம்' என்று ஊர் மாற்றிவிட்டது. பழி வேகத்தின் மேல் விழுந்தது. ஆனால் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும்.

ஜப்பான் வண்டியில் இருந்த டிஸ்க் பிரேக் இந்திய வண்டியில் இல்லை. விலையைக் கட்டுக்குள் வைக்க முன்னாலும் பின்னாலும் டிரம் பிரேக் போட்டார்கள். டிரம் பிரேக் மூடிய பாத்திரம் மாதிரி. தொடர்ந்து பிடித்தால் உள்ளே சூடேறும், பிடி குறையும். தண்ணீர் உள்ளே போய்விட்டால் சிறிது நேரத்துக்குப் பிரேக் இருப்பதே தெரியாது. போதாததற்கு, நாலு-ஸ்ட்ரோக் வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சினே வேகத்தை இழுத்துப் பிடிக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் அந்த உதவியும் மிகக் குறைவு.

இதில் பள்ளிக்கூட இயற்பியலும் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்துவதற்குச் செலவிட வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். 50 கிலோமீட்டர் வேகத்துக்குப் போதுமான பிரேக் 100-க்குப் போதாது. ராஜ்தூத் 350 சில நொடிகளில் 100-ஐத் தொடும். நிற்க?

குமரி மாவட்டத்து ரோட்டை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அருமனை, குலசேகரம், மேல்புறம் பக்கமெல்லாம் ரோடு நேராக ஓடுவதே அபூர்வம். இரு பக்கமும் ரப்பர் தோட்டம், வளைவுக்கு மேல் வளைவு, ஏற்ற இறக்கம். ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. நிழலில் காயாத ரோட்டில் நனைந்த சருகு கிடக்கும். வளைவைத் தாண்டி என்ன வருகிறது என்று தெரியாது. இப்படிப்பட்ட ரோட்டில் 30 குதிரையும் நனைந்த டிரம் பிரேக்கும் சேர்ந்தால் என்ன ஆகும்? ஆழம் தெரியாமல் காலை விடுவதுதான்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தது. அங்கே எதிரே பஸ் வராது, மாடு குறுக்கே வராது. அந்த வண்டிக்குப் பொருத்தமான இடம் அதுதான்.

தோற்றது ஏன்?

வேகத்தைவிட பெட்ரோல்தான் இந்த வண்டியைத் தோற்கடித்தது என்று சொல்லலாம். லிட்டருக்கு 20, 25 கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிது. 1985-ல் ஹீரோ ஹோண்டா சி.டி.100 வந்தது. பெட்ரோல் போடு, மூடு, மறந்துவிடு என்ற பொருளில் விளம்பரம் செய்தார்கள். லிட்டருக்கு 80 கிலோமீட்டர் என்றார்கள். அதே வருடம் எஸ்கார்ட்சே யமஹா ஆர்.எக்ஸ்.100-ஐ இறக்கியது. பாதிச் செலவில் முக்கால் சந்தோஷம்! மாதச் சம்பளக்காரர் யானையைக் கட்டித் தீனி போடுவாரா? 1980-களின் இறுதியோடு ராஜ்தூத் 350-ன் உற்பத்தி முடிவுக்கு வந்தது.

வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு விலை போகாத வண்டிக்கு இன்றைக்கு லட்சங்களில் விலை பேசுகிறார்கள். பழுது பார்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். பலர் செய்கிற முதல் வேலை, முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் மாட்டுவது! 1983-ல் கம்பெனி விட்டதை இன்றைய சொந்தக்காரர் தன் காசில் சேர்க்கிறார்.

2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் 125 சி.சி.க்கு மேற்பட்ட பைக்குகளுக்கு ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமாகிவிட்டது. சக்தியை விற்பவன் நிறுத்தும் திறனையும் சேர்த்து விற்க வேண்டும் என்று சட்டம் சொல்ல இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. அதுவரை அந்த வித்தியாசத்தை ஓட்டுபவர்கள்தான் தங்கள் கையாலும் காலாலும், சிலர் உயிராலும் ஈடு செய்தார்கள். வேகமான வண்டி வாங்கப் போகிறவர்கள் எத்தனை குதிரை என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை அடியில் நிற்கும் என்று கேட்டுவிடுவது நல்லது.