கடைசி இருக்கை வரை: பள்ளிப் பேருந்து பாதுகாப்பின் வரலாறு

மஞ்சள் நிறத்தில் ஒரு பேருந்து வந்தால் அது பள்ளிப் பேருந்து என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்த மஞ்சள் நிறம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை.

1930-களில் அமெரிக்காவில் பள்ளிக் குழந்தைகளைக் கிடைத்த வண்டியில் எல்லாம் ஏற்றிச் சென்றார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த பேராசிரியர் பிராங்க் சைர் 1937-ல் இதை ஆராய்ந்தபோது, கோதுமை ஏற்றும் குதிரை வண்டியில்கூடப் பிள்ளைகள் போவதைக் கண்டார். ஓர் ஊரில் தேசபக்தி வளரட்டும் என்று பேருந்துக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம் அடித்திருந்தார்களாம்! 1939 ஏப்ரலில் அவர் நியூயார்க்கில் ஒரு மாநாடு கூட்டினார். ராக்பெல்லர் அறக்கட்டளை 5,000 டாலர் கொடுத்தது. ஏழு நாள் பேசி 44 விதிகளை எழுதினார்கள். பேருந்தின் நீளம், கூரையின் உயரம், நடுவில் நடக்கும் பாதையின் அகலம் எல்லாம் அதில் உண்டு. மஞ்சள் நிறமும் அங்கே முடிவானதுதான். விடியற்காலை மங்கல் வெளிச்சத்திலும் அந்த மஞ்சள் மேல் கறுப்பு எழுத்து தெளிவாகத் தெரியும் என்பதே காரணம்.

கவனித்துப் பார்த்தால் இந்த முதல் விதிகளில் முக்கியமான கேள்வி, சாலையில் போகிற மற்றவர்கள் இந்தப் பேருந்தைப் பார்க்கிறார்களா என்பதுதான். அதற்குப் பிறகு வந்த பல விதிகளும் இதே வழியில்தான் போயின. பேருந்து மோதினால் என்ன செய்வது, கவிழ்ந்தால் என்ன செய்வது, குழந்தை வெளியே விழுந்தால் என்ன செய்வது... இவையே கவலைகள். 1977-ல் அமெரிக்காவில் பள்ளிப் பேருந்து இருக்கைகளுக்குத் தனி விதி வந்தது. இருக்கைகளை நெருக்கமாகப் போட்டு, சாய்மானத்தை உயர்த்தி, பஞ்சு வைத்துத் தைத்தார்கள். மோதினால் குழந்தை முன் இருக்கையின் மெத்தையில் போய் முட்டி நிற்கும். முட்டைகளை அட்டைப் பெட்டியில் அடுக்குவது போன்ற ஏற்பாடு. 2008-ல் சாய்மானத்தின் குறைந்தபட்ச உயரத்தை 20 அங்குலத்திலிருந்து 24 அங்குலம் ஆக்கினார்கள்.

நல்ல ஏற்பாடுதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த உயர்ந்த சாய்மானத்துக்குப் பின்னால் ஒரு நான்கு வயதுக் குழந்தை படுத்துத் தூங்கினால், ஓட்டுநர் தன் கண்ணாடியில் எவ்வளவு பார்த்தாலும் தெரியாது. விபத்திலிருந்து காப்பாற்ற வைத்த இருக்கையே குழந்தையை மறைத்துவிடுகிறது.

இந்தியாவிலும் கதை இப்படித்தான். 1997 நவம்பரில் டெல்லி வஜீராபாத் பாலத்திலிருந்து ஒரு பள்ளிப் பேருந்து யமுனையில் விழுந்து 28 மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகே உச்ச நீதிமன்றம் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, ஜன்னலில் குறுக்குக் கம்பி, அனுபவமுள்ள ஓட்டுநர் என்று வரிசையாக உத்தரவிட்டது. 2012 ஜூலையில் சென்னை தாம்பரம் அருகே பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, அதே ஆண்டு தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கான சிறப்பு விதிகள் வந்தன. 2022 மார்ச்சில் சென்னை வளசரவாக்கத்தில் பின்னோக்கி வந்த பேருந்தில் சிக்கி ஒரு சிறுவன் இறந்ததும், முன்னும் பின்னும் கேமராவும் சென்சாரும் வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு விதிக்கும் ஒரு குழந்தையின் உயிர் விலையாகப் போயிருக்கிறது. அப்படியும் அந்தக் கேமராக்கள் பார்ப்பது வண்டிக்கு வெளியே இருப்பதைத்தான்.

உள்ளேயே தங்கிவிடும் குழந்தையைப் பற்றி உலகம் யோசித்தது மிகவும் தாமதமாகத்தான். காலையில் சீக்கிரம் எழுப்பப்பட்ட குழந்தை, ஆடும் வண்டியில் தூங்கிவிடுகிறது. மற்றவர்கள் இறங்கும் சத்தத்தில்கூட அது விழிப்பதில்லை. ஓட்டுநர் கதவைச் சாத்திவிட்டுப் போகிறார். வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் சூடு நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். சின்னக் குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிட வேகமாகச் சூடேறும்.

இதற்கு முதலில் கண்டுபிடித்த வழி மிக எளிமையானது. "பேருந்து காலி" என்று எழுதிய ஒரு பலகை. பயணம் முடிந்ததும் ஓட்டுநர் அதைப் பின் கண்ணாடியில் போய் மாட்ட வேண்டும். பலகை முக்கியமில்லை, அதை மாட்டுவதற்காக அவர் பின்னால் வரை நடப்பதுதான் முக்கியம். அதே யோசனை பிறகு மின்கருவியாக மாறியது. இன்ஜினை நிறுத்தியதும் அலாரம் அடிக்கத் தொடங்கும், அதை நிறுத்தும் பொத்தான் கடைசி இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும். கலிபோர்னியாவில் 2015-ல் விட்டியர் நகரில் ஆட்டிசம் உள்ள 19 வயது மாணவர் பேருந்திலேயே விடப்பட்டு இறந்தார். 2016-ல் அந்த மாநிலம் இந்த அலாரத்தைச் சட்டமாக்கியது.

தென் கொரியாவின் அனுபவம் இன்னும் யோசிக்க வைக்கிறது. அங்கே சிறு குழந்தைகள் போகும் வண்டியில் ஓட்டுநரைத் தவிர இன்னொரு பெரியவரும் இருக்க வேண்டும் என்று 2015-லேயே சட்டம் வந்துவிட்டது. இரண்டு பேர் இருந்தால் மறதி வராது என்றுதானே நினைப்போம்? 2016 ஜூலையில் குவாங்ஜு நகரில் நான்கு வயதுக் குழந்தை வண்டியிலேயே விடப்பட்டு நினைவிழந்தது. 2018 ஜூலையில் டோங்டுச்சியோன் நகரில் இன்னொரு நான்கு வயதுக் குழந்தை இறந்தது. இரண்டு வண்டியிலும் உடன் செல்லும் ஆள் இருந்தார். அவர் பார்த்திருப்பார் என்று இவரும், இவர் பார்த்திருப்பார் என்று அவரும் இருந்துவிட்டால் இரண்டு பேர் இருந்தும் ஒருவரும் இல்லாத கணக்குதான். 2019 ஏப்ரலிலிருந்து கொரியாவில் பின்னால் போய் அழுத்தும் மணி கட்டாயமானது.

பக்கத்து நாடான ஜப்பான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. 2021 ஜூலையில் புகுவோகா மாகாணத்தின் நகாமா நகரில் ஐந்து வயதுச் சிறுவன் பள்ளி வண்டியிலேயே விடப்பட்டு இறந்தான். அரசு, கவனமாக இருங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பியது. அவ்வளவுதான்! 2022 செப்டம்பர் 5 அன்று ஷிசுவோகா மாகாணத்தின் மகினோஹாரா நகரில் மூன்று வயதுச் சிறுமி அதே முறையில் இறந்தாள். அன்று வழக்கமான ஓட்டுநர் விடுப்பு, 73 வயதான பள்ளித் தலைவரே வண்டியை ஓட்டினார். வந்தது மொத்தம் ஆறே குழந்தைகள். சுமார் ஐந்து மணி நேரம் அவள் உள்ளே இருந்தாள். கண்டெடுத்தபோது அவளுடைய தண்ணீர் பாட்டில் காலியாக இருந்தது.

அதே வாரம், செப்டம்பர் 11 அன்று, கத்தாரில் கேரளக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறுமியும் பள்ளிப் பேருந்தில் தூங்கிவிட்டு இறந்தாள். அன்று அவளுக்கு நான்காவது பிறந்த நாள்.

மகினோஹாராவில் வருகைப்பதிவு செயலியில் அந்தக் குழந்தை வந்துவிட்டதாகவே பதிவாகியிருந்தது. வகுப்பில் அவள் இல்லை என்பது ஆசிரியைக்குத் தெரிந்தும் வீட்டுக்குத் தொலைபேசி போகவில்லை. கணக்குப் பதிவியல் படித்தவர்களுக்கு இது புரியும். ஏறியவர்கள் ஒரு பக்கம், இறங்கியவர்கள் மறுபக்கம், இரண்டும் சமமாக வேண்டும். ஆனால் ஏறிய எண்ணிக்கையை அப்படியே இறங்கிய பக்கத்திலும் எழுதிவிட்டால் கணக்கு எப்போதும் சரியாகவே வரும். தணிக்கையாளர் சரக்கு அறைக்குள் போய் மூட்டைகளை எண்ணுவது ஏன்? புத்தகத்தில் இருப்பதும் அறையில் இருப்பதும் ஒன்றா என்று பார்க்கத்தான். பேருந்தில் அந்த எண்ணும் வேலைக்குப் பதிலாகத்தான் அலாரப் பொத்தான் வந்தது.

இரண்டாவது மரணத்துக்குப் பிறகு ஜப்பான் வேகமாக நகர்ந்தது. 2023 ஏப்ரலிலிருந்து சுமார் 44 ஆயிரம் வண்டிகளில் கருவி பொருத்துவது கட்டாயமானது. ஓராண்டு அவகாசம் கொடுத்தார்கள். ஒரு வண்டிக்கு 1,80,000 யென் வரை அரசே உதவித்தொகை தந்தது. ஒரு சுற்றறிக்கைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகைதான், ஆனால் முதல் மரணத்தின்போதே செலவழித்திருக்கலாம் என்று தோன்றாமல் இருக்காது.

கருவி வருவதற்குள் என்ன செய்வது? பல மழலையர் பள்ளிகள் குழந்தைகளுக்கே பயிற்சி கொடுக்கத் தொடங்கின. தனியாக மாட்டிக்கொண்டால் ஓட்டுநர் இருக்கைக்குப் போய் ஹாரனை அழுத்த வேண்டும். சின்னக் கைக்கு அந்தப் பலம் போதாது என்பதால், ஸ்டியரிங்குக்கு முதுகைக் காட்டித் திரும்பி, அதன் மேல் உட்கார்ந்து உடம்பு முழுவதையும் வைத்து அழுத்தச் சொல்லிக்கொடுத்தார்கள். சில குழந்தைகளுக்கு முதல் முறையிலேயே சத்தம் வந்தது. சிலருக்கு எத்தனை முறை முயன்றும் வரவில்லை.