கெலுகோருக்கு அருகே ஜெரெஜாக் தீவு

பினாங்குப் பாலத்தின் வழியே கெலுகோரிலிருந்து பிறையை நோக்கிச் செல்வோர், தம் வலப்புறத்தே கடலினூடே காடு போர்த்த மலைத்தீவொன்றைக் காண்பர். மலாய்மொழியில் 'புலாவ்' என்பது தீவைக் குறிக்கும். புலாவ் ஜெரெஜாக் என வழங்கும் இத்தீவின் பரப்பு ஏறத்தாழ 362 ஹெக்டர். அதாவது மூன்றரைச் சதுரக் கிலோமீட்டரைச் சற்றே கடந்தது. பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட தென்கால்வாயில், பாயான் லெப்பாஸ் கரையை ஒட்டினாற்போல் அது கிடக்கின்றது. கரைக்கு இத்துணை அருகில் இருந்தும் நெடுங்காலம் மக்கள் அதனை அஞ்சியே நோக்கினர். அவ்வச்சத்தின் காரணத்தை ஆராய்ந்தால் மலேசியத் தமிழர் வரலாற்றின் ஓர் ஏடு புலப்படும்.

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். பதினோராண்டு கழித்து, 1797இல், மணிலாப் படையெடுப்புக்கெனப் புறப்பட்ட சேனையுடன் ஆர்தர் வெல்லெஸ்லி இங்கு வந்து தங்கினார். பின்னாளில் வாட்டர்லூப் போரில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் பிரபு இவரே. ஜெரெஜாக்கில் அரண் ஒன்று அமைத்து எதிர்க்கரையில் புதிய நகரொன்றைக் காணலாம் என்று அக்காலத்தே எண்ணம் எழுந்ததென்றும், காட்டுக்காய்ச்சலால் அது கைவிடப்பட்டதென்றும் கூறுவர். கோட்டைக்கு ஆகாத தீவு வேறொரு பணிக்கு ஏற்றதாயிற்று. துறைமுகத்துக்கு அண்மை, நாற்புறமும் நீர், ஊரினின்று தனிமை ஆகிய இம்மூன்றும் நோயாளரை ஒதுக்கிவைக்க விரும்பிய ஆட்சியாளர்க்கு உவப்பாயின.

1868இல் இங்குத் தொழுநோயாளர்க்கான இல்லம் கட்டப்பெற்றது. 1871இல் அது செயற்படத் தொடங்கியது. நீரிணைக் குடியேற்றங்களின் பல பகுதிகளிலிருந்தும் நோயுற்றோர் இங்கே கொண்டுவரப்பட்டனர். 1930இல் சுங்கை பூலோவில் பெருங்குடியிருப்பு ஏற்பட்ட பின்னரே தொழுநோய்ப் பராமரிப்பின் நடுவிடம் அங்கு மாறியது. காசநோயாளர்க்கும் இத்தீவு பிற்காலத்தில் இடமளித்தது.

தமிழர்க்கு உரிய பகுதி இனித் தொடங்குகின்றது. 1870களில் தொழுநோய் இல்லத்தோடு தொற்றுத்தடுப்பு நிலையமும் இங்கு நிறுவப்பட்டது. 'குவாரண்டைன்' என்னும் சொல் இத்தாலியரின் நாற்பது என்னும் எண்ணிலிருந்து பிறந்தது. வெனிசு நகரத்தார் கொள்ளைநோய்க்கு அஞ்சிக் கப்பல்களை நாற்பது நாள் துறைக்கு வெளியே நிறுத்திய வழக்கத்தால் ஏற்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் மக்கள் மலாயாவில் முதன்முதல் காணும் துறைமுகம் பினாங்கு. கப்பலில் வைசூரியோ வாந்திபேதியோ கண்டால் டெக்குப் பயணிகள் ஜெரெஜாக்கில் இறக்கப்படுவர். உடுத்திவந்த துணிகள் கிருமிநீக்கம் செய்யப்படும், அம்மை குத்தப்படும், குறித்த நாள் கழியும்வரை அவர்கள் கொட்டகைகளிலே காத்திருப்பர். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியும். கால் வைக்க முடியாது. தஞ்சையிலோ திருச்சியிலோ சேலத்திலோ விடைபெற்று வந்தவர்க்குப் புதுநாட்டின் முதல் மண் இத்தகையதாக இருந்தது. விடுவிக்கப்பட்டோர் பலர் பிறைக்குக் கடந்து, இரயிலேறிக் கங்காணியின் பின்னே இரப்பர்த் தோட்டங்களை அடைந்தனர்.

இதே நாகப்பட்டினத்தில்தான், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தே, ஸ்ரீவிஜய மன்னரின் பெயரால் சூடாமணி விகாரம் எழுந்தது. 1025இல் இராசேந்திரனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது. அக்கடாரம் இத்தீவுக்கு வடக்கே, அதே கடற்கரையில் உள்ளது. வெற்றிக்கலம் சென்ற கடல்வழியிலேயே கூலிக்கலமும் சென்றது. பாடநூல்கள் முன்னதை விரித்துரைத்துப் பின்னதை இரண்டொரு வரியில் முடித்துவிடுகின்றன. இஃது எவ்வகையில் நியாயம்? 1907இல் ஏற்பட்ட இந்தியக் குடியேற்றக் குழுவும், அதன் நிதியும், 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடியகல்வுச் சட்டமும், உதவி பெற்ற குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் நிறுத்தியதும் மாணவர்க்குக் கற்பிக்கத்தக்கவை அல்லவா? ஆண்டுகளை மட்டும் மனனம் செய்விப்பதைக் காட்டிலும், ஜெரெஜாக்கை நிலப்படத்தில் காட்டிக் கற்பித்தால் அவை உயிர்பெறும். சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என ஓடிய 'ரஜூலா'க் கப்பல் 1926 முதல் 1973 வரை பணிபுரிந்தது. அதில் வந்தோரின் பெயரப்பிள்ளைகளும் அவர்தம் மக்களும் இன்று வகுப்பறையில் அமர்ந்துள்ளனர். ஆயினும் தாத்தா எத்துறையில் இறங்கினார் என்று வினவினால், விடையறிந்த பிள்ளைகள் சிலரே.

தீவில் ருசிய மாலுமிகளின் நினைவும் உண்டு. 1914ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் விடியலில், செருமானியப் போர்க்கப்பலான எம்டன், நான்காவது புகைபோக்கியொன்றைப் பொய்யாகப் பொருத்தி உருமாறிப் பினாங்குத் துறைக்குள் புகுந்து, 'செம்சுக்' என்னும் ருசியக் கப்பலை மூழ்கடித்தது. எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவ்வெம்டனே ஒருமாதம் முன்பு, செப்டம்பர் 22இல், சென்னையைக் குண்டுவீசித் தாக்கியது. 'அவன் பெரிய எம்டன்' என்று நம் வீடுகளில் வழங்கும் பேச்சு அதனின்றே வந்தது. அம்மாலுமிகளின் கல்லறைகளைத் தேடி ருசியத் தூதரகத்தார் பினாங்குக்கு வந்து மலர்வளையம் வைப்பதுண்டு.

1969இல், மே மாதக் கலவரத்தின் பின்னர், இத்தீவு சிறைக்களமாயிற்று. அமெரிக்கரின் அல்காட்ராஸ் சிறைத்தீவோடு ஒப்பிட்டு மக்கள் பேசினர். 1993இல் சிறை மூடப்பட்டது. 2004இல் உல்லாச விடுதியொன்று திறக்கப்பட்டது. அதன்பின் தீவைப் பெரிய அளவில் மாற்றியமைக்கும் திட்டங்கள் எழ, காட்டையும் பழங்கட்டடங்களையும் காக்க வேண்டுமென்போர் எதிர்க்குரல் எழுப்பினர். அக்குரல்களில் தொழுநோய் இல்லமும் சிறையும் பேசப்படுகின்றன. நாகப்பட்டினத்துக் கப்பலிலிருந்து இறங்கியோரைப் பற்றிய பேச்சு அவற்றில் குறைவு. அவர்களைப் பற்றி எழுதவேண்டியவர்கள் தமிழாசிரியர்களே; ஏனெனில் அக்குடும்பங்களின் முதியோர் சொல்லும் சொற்கள் தமிழில்தான் உள்ளன.