மறைபொருளும் மக்கள் மொழியும்

மறைநூல் சிலர்க்கே உரியது, ஏனையோர் அதனைக் கேட்டலும் ஆகாது என்னும் விதி நம் நாட்டில் மட்டும் விளைந்ததன்று. யூதரின் மறைஞான மரபாகிய கபாலாவும் அவ்வாறே பூட்டி வைக்கப்பட்டது. நாற்பது வயது நிரம்பாதார் அதனைக் கற்றல் தகாது என்றனர் யூத அறிஞர் சிலர். பெண்டிரோ கணக்கில் கொள்ளப்படவே இல்லை. அம்மரபின் தலைநூலாகிய சோகார், 1558இல் இத்தாலியின் மாந்துவா நகரில் அச்சேறத் தொடங்கியபோது, அச்சிடலாமா ஆகாதா என்று குருமாரிடையே பெரும் பூசல் எழுந்தது. 1711இல்தான் அதன் பகுதிகள், எபிரேயம் அறியாத எளிய மக்களும் பெண்களும் படிக்குமாறு, இத்திசு என்னும் வீட்டு மொழியில் நூலாக வந்தன.

சோகார் அச்சேறிய அதே நூற்றாண்டில், நம் முத்துக்குளித்துறையில் யூதக் குருதி வழிவந்த ஒருவர் பணியாற்றிக் கொண்டிருந்தார். அவர் போர்த்துகல் நாட்டு ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார். அவர் கபாலா கற்றவர் என்று நாம் கூறவில்லை. கிறித்தவராகிவிட்ட குடும்பத்தில் 1520இல் பிறந்தவர் அவர். ஆயினும் முன்னோர் யூதர் என்பதே குற்றமாக, முதலில் சேர்ந்த துறவு மடத்திலிருந்து நீங்க நேர்ந்தது. பிறப்பைக் காட்டிக் கதவடைப்பது எத்தகைய கொடுமை என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

பின்னர் இயேசு சபையிற் சேர்ந்து, 1547இல் இக்கரைக்கு வந்தார். தமிழைக் கற்றார், இலக்கணமும் எழுதினார். பரதவ மக்கள் பொருள் திரட்டித் தந்தனர். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாயிற்று. பதினாறே பக்கம்! மறுஆண்டு கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வினாவும் விடையுமாக வெளிவந்தது. போர்த்துகீசிய மொழியில் இருந்தது, கடற்கரையார் பேசும் தமிழில் வந்தது. சனிக்கிழமை பெண்களும் ஞாயிறன்று ஆண்களும் கோயிலிற் கூடிக் கேட்கும் வழக்கம் இக்கரையில் ஏற்படுத்தப்பட்டிருந்தது. படிக்கத் தெரியாத பெண்ணின் செவிக்கும் அச்செழுத்து எட்டுவதற்கு அது வழியாயிற்று என்று நாம் கருதுகிறோம்.

எனினும் மிகைபடக் கூறலாகாது. நூல் அச்சேறியதனால் எழுத்து நம் சேரிகளுக்கு வந்துவிடவில்லை. ஒரே வேதத்தை ஓதியோரும் சாதியை விட்டாரில்லை. வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோயிலில் சாதி பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிபட்டது. அடிகளார் உழைத்த சபையே, அவர் உயிரோடிருக்கையில், 1593இல் யூத வழியினரைச் சேர்ப்பதில்லை என்று விதி வகுத்தது. அவ்விதி நீங்கியது 1946இல்!

அடிகளார் 1600இல் புன்னைக்காயலில் மறைந்தார். 1586இல் அவர் வெளியிட்ட ‘அடியார் வரலாறு’ அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல். அதனை இராசமாணிக்கம் அடிகளார் 1967இல் தூத்துக்குடியிலிருந்து மீண்டும் பதிப்பித்தார். நம் இளைஞர்களும் பெண்மக்களும் நூலகங்களில் அதனைக் கேட்டு வாங்கி, அன்றைய கடற்கரைத் தமிழைத் தாமே படித்துப் பார்க்கலாம்.