நாவன்மையும் நீதியும்

மாவட்டத்தின் பெயர் விருதுநகர். அதன் தலைமை நீதிமன்றம் இருப்பதோ ஸ்ரீவில்லிபுத்தூரில். இராஜபாளையத்து மக்களின் பெரிய வழக்குகள் அங்கேதான் செல்கின்றன. 1910 வரை இவ்வூர்கள் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை, பின்னர் இராமநாதபுரம், 1985 முதல் இன்றைய மாவட்டம்.

எல்லைகள் மாறினும் சாட்சி விசாரணையின் ஒழுங்கு மாறவில்லை. முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, மறு விசாரணை என 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் வரிசை வகுத்தது. முதல் விசாரணையில் எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், விடையை உள்ளடக்கிய கேள்வியை நீதிமன்ற அனுமதியின்றி வழக்கறிஞர் கேட்கலாகாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டமும் இவ்வரிசையைப் பேணுகிறது. சாட்சியின் சொல் சாட்சியுடையதாகவே இருக்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

இக்கவலை நமக்குப் புதிதன்று. அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, மறுதரப்பைக் கேளாமல் தீர்ப்பளிக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள்.

உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நிகழ்ச்சி இன்னும் கூர்மையானது. வாரிசுச் சொத்துக்காக இருவர் வழக்காடி வந்தனர், சான்று ஏதுமில்லை. வாதத்திறனால் தம்மிடம் சாதகமான தீர்ப்பைப் பெற்றாலும், பிறர் உரிமையை எடுத்தால் அது நெருப்புத் துண்டே என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். இருவரும் அழுது, தத்தம் உரிமையை மற்றவருக்கே விட்டுக்கொடுத்தனர். நேர்மையாகப் பங்கிட்டு, சீட்டுக் குலுக்கி, ஒருவரையொருவர் மன்னிக்குமாறு நபியவர்கள் பணித்தார்கள்.

பாகப்பிரிவினைக்காக நீதிமன்றப் படியேறும் நம் குடும்பங்கள் பத்திரங்களைத் திரட்டட்டும். நல்ல வழக்கறிஞரை நாடட்டும். நடந்ததை அவரிடம் மறைக்காமல் சொல்லட்டும். வெல்லும் வாதம் வேறு, ஹலாலான பங்கு வேறு என்பதை மட்டும் மறவாதிருப்போம்.