காட்சிப் பேழையும் நூலடுக்கும்

பிப்ரவரித் திங்கள் பிறந்ததும் அமெரிக்கக் கல்லூரி நூலகங்கள் பலவற்றின் முகப்பில் கறுப்பினப் படைப்பாளர்தம் நூல்கள் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. ஓரினம் தன் முகத்தைத் தானே கண்டு பெருமிதங்கொள்ளும் விழா அது. ஆயினும், அந்நூல்கள் பேழைக்கு வந்து சேர்ந்த வரலாறு விழாவினும் பெரியது.

இவ்வழக்கத்திற்கு வித்திட்டவர் வரலாற்றறிஞர் கார்ட்டர் உட்சன். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெற்றோர்க்குப் பிறந்த அவர், 1926-இல் பிப்ரவரியின் இரண்டாம் வாரத்தை நீக்ரோ வரலாற்று வாரமாகக் கொண்டாடச் செய்தார். ஆபிரகாம் லிங்கன், பிரடெரிக் டக்ளஸ் இருவர்தம் பிறந்தநாள் விழாக்களும் அவ்வாரத்தில் அமைந்திருந்தன. ஒகையோவிலுள்ள கென்ட் மாநிலப் பல்கலைக்கழகக் கறுப்பின மாணவர்கள் 1970-இல் அதனை வாரமெனும் எல்லை கடந்து மாத விழாவாக விரித்தனர். 1976-இல் குடியரசுத் தலைவர் ஜெரால்டு போர்டு அம்மாத விழாவிற்கு ஏற்பளித்தார்.

விழா எடுப்பதற்கு நாள் குறித்தல் எளிது. நூல் திரட்டுதல் அரிது. வாசிங்டனிலுள்ள ஓவார்டு பல்கலைக்கழகம் 1867-இல் நிறுவப்பெற்றது. அதன் பழைய மாணவர் செசி மூர்லாந்து, தாம் அரிதின் தொகுத்த மூவாயிரத்திற்கும் மேற்பட்ட நூல்களையும் ஆவணங்களையும் 1914-இல் அதற்கு வழங்கினார். 1930-இல் அத்தொகுப்பின் பொறுப்பு டோரதி போர்ட்டர் என்னும் இளம் நூலகரிடம் வந்தது.

அவர்முன் நின்ற முதல் தடை பணமன்று, எண். அக்கால நூலகங்கள் கையாண்ட டூயி பகுப்புமுறையில் 326 அடிமைமுறையையும் 325 குடியேற்றத்தையும் குறித்தன. கறுப்பினத்தவர் எழுதியது எதுவாயினும் இவ்விரண்டில் ஒன்றினுள் திணிக்கும் வழக்கம் நிலவியது. கவிஞர் சேம்சு வெல்டன் சான்சனின் நூலும் இவ்வாறே குடியேற்ற எண்ணின்கீழ் வைக்கப்பட்டதைப் பிற்காலத்தில் டோரதி நினைவுகூர்ந்துள்ளார். எழுதியவரின் நிறம் நூலின் பொருளாகக் கொள்ளப்பட்டது. கவிதையைத் தேடி வருவோர்க்கு அக்கவிதை கிட்டாது போயிற்று.

டோரதி அவ்வழக்கத்திற்கு உடன்படவில்லை. கவிதையைக் கவிதையாகவும், இசையை இசையாகவும், வரலாற்றை வரலாறாகவும் வகைப்படுத்தி, ஆசிரியர் பெயரால் நிரல்படுத்தினார். போதிய நிதியின்மையால் பதிப்பகத்தார்க்கும் அன்பர்க்கும் மடல் எழுதி நூல்களை வேண்டிப் பெற்றார். 1946-இல் ஆர்தர் சுபிங்கார்னின் பெருந்தொகுப்பைப் பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கியது. டோரதி ஓய்வுபெற்ற 1973-இல் அந்நிறுவனம் மூர்லாந்து–சுபிங்கார்ன் ஆய்வு மையம் எனப் பெயர் பெற்றது. அவர் 1995-இல் மறைந்தார்.

ஆண்டு முழுவதும் இவ்வரலாறு பயிலப்பட வேண்டும் என்பதே உட்சனின் வேட்கை. அதற்கான வழியை நூலடுக்கில் அமைத்துத் தந்தவர் டோரதி. காட்சி முடிந்து பேழையிலிருந்து எடுக்கப்படும் கவிதை நூல், பிற கவிதை நூல்களின் வரிசையில் தனக்குரிய இடத்திற்குத் திரும்புகிறதா என்பதைக் கொண்டே அவ்விழாவின் பயனை அளவிடுதல் தகும்.