அணுகல் மறுப்பின் வரலாறு

ஒரு கணினியின் இயங்குதளம், அதாவது வன்பொருளை ஆண்டு பிற மென்பொருள்கள் அனைத்தையும் நடத்தும் அடிப்படை மென்பொருள், தனக்கு வந்த புதுப்பிப்பை நிறுவ முற்பட்டு, ‘அணுகல் மறுக்கப்பட்டது’ என்னும் செய்தியோடு பாதியில் நின்றுவிடுவது பயனர் பலருக்கும் பழகிப்போன இடர். கணினியின் உடைமையாளரே நிர்வாகிக் கணக்கிலிருந்து கட்டளையிடும்போதும் இம்மறுப்பு எழுவதால், அதனை இயங்குதளத்தின் பழுது என்றே பலர் கொள்கின்றனர். உண்மையில் அது 60 ஆண்டுகளாகப் படிப்படியாகக் கட்டப்பட்ட ஒரு காவல் முறையின் குரல். அம்முறை எதற்காக, யாரை எண்ணி, எந்த வரிசையில் எழுந்தது என்பதை அறிந்தவர்க்கே அதன் சிக்கலை அவிழ்க்கும் வழியும் புலப்படும்.

தொடக்ககாலக் கணினிகளில் ஒரு நேரத்தில் ஒருவர் பணியே நடந்தமையால், யார் எதைத் தொடலாம் என்னும் வினாவுக்கு இடமிருக்கவில்லை. ஒரே கணினியைப் பலர் தத்தம் முனையங்களிலிருந்து ஒரே வேளையில் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறை வந்தபோதுதான் அவ்வினா எழுந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கொர்பாட்டோவின் குழுவினர் உருவாக்கி 1961 நவம்பரில் செய்துகாட்டிய சி.டி.எஸ்.எஸ். என்னும் அமைப்பு, பயனர்களின் கோப்புகளைக் காக்கக் கடவுச்சொல்லைக் கையாண்ட முன்னோடிகளுள் ஒன்று. ஆயினும் 1962இல் ஆலன் ஷெர் என்னும் ஆய்வாளர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமையால், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிட்டுத் தரும்படி கணினிக்குப் பணித்து அதனைப் பெற்றுவிட்டார். 1966இல், திருத்தக் கருவி தன் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை இட்டு வந்ததன் விளைவாக, வரவேற்புச் செய்தியும் கடவுச்சொற் கோப்பும் இடம் மாறி, உள்நுழைந்தவர் கண்முன் எல்லோருடைய கடவுச்சொற்களும் வெளிப்பட்டன. வாயிலில் ஆளை அடையாளம் காண்பது மட்டும் போதாது, உள்ளிருக்கும் ஒவ்வொரு கோப்பும் தன்னைத் தொட வருபவரின் உரிமையைக் கேட்டறிய வேண்டும் என்னும் தேவையை இந்நிகழ்வுகள் வெளிப்படையாக்கின.

அத்தேவைக்கு முழுமையான விடை தர முயன்றது, அதே கழகமும் பெல் ஆய்வகமும் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனமும் கூடி உருவாக்கிய மல்டிக்ஸ் அமைப்பாகும். இன்னார் படிக்கலாம், இன்னார் எழுதலாம் என்று ஒவ்வொரு கோப்போடும் பிணைத்து வைக்கப்படும் ‘அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல்’ என்னும் கருத்து, 1965இல் வெளியான அதன் வடிவமைப்புக் கட்டுரைகளிலேயே இடம்பெற்றிருந்தது. 1969இல் பெல் ஆய்வகம் அத்திட்டத்திலிருந்து விலகியபின், அங்கிருந்த கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் சிறிய கணினி ஒன்றில் யூனிக்ஸைப் படைத்தபோது, நீண்ட பட்டியலுக்கு மாற்றாகச் சில இருநிலைக் குறிகளே போதும் என்று கொண்டனர். கோப்பின் உடைமையாளர், அவருடைய குழுவினர், ஏனையோர் என்னும் மூவகையினருக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூன்று உரிமைகளை வழங்கவோ மறுக்கவோ செய்யும் இன்றைய ஒழுங்கு அவ்வழியில் வளர்ந்ததே. இவ்வொழுங்குக்கு அப்பாற்பட்டவராக, எதையும் தடையின்றிச் செய்யவல்ல ‘ரூட்’ என்னும் தலைமைப் பயனர் ஒருவரும் அமைந்தார்.

இவ்விடத்தில் எழுந்த ஒரு சிக்கலே புதுப்பிப்பின் வரலாற்றுக்கு அடிகோலியது எனலாம். கடவுச்சொற் கோப்பில் எழுதும் உரிமை ரூட் ஒருவருக்கே உண்டெனில், எளிய பயனர் தம் கடவுச்சொல்லை எங்ஙனம் மாற்றுவார்? ஒரு நிரலை யார் இயக்கினாலும், இயக்குபவரின் உரிமையோடன்றி அந்நிரலின் உடைமையாளருடைய உரிமையோடு அது இயங்குமாறு செய்யலாம் என்பது ரிட்சி கண்ட தீர்வு. ‘செட்யுஐடி’ எனப்படும் இதற்கு 1973இல் விண்ணப்பிக்கப்பட்டு 1979இல் காப்புரிமை வழங்கப்பட்டது. அதிகாரம் மனிதரிடமிருந்து பிரிந்து, குறித்த ஒரு பணியை மட்டும் செய்யும் நிரலிடம் ஒப்படைக்கப்பட்டது இதன் உட்பொருள். ஒவ்வொரு நிரலும் பயனரும் தம் பணிக்கு இன்றியமையாத அளவு உரிமையோடு மட்டுமே இயங்க வேண்டும் என்னும் ‘மிகக் குறைந்த உரிமை’ நெறியை ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் தம் புகழ்பெற்ற கட்டுரையில் பிற நெறிகளோடு தொகுத்துரைத்தனர். ரூட் ஆகாமலே குறித்த கட்டளையை மட்டும் ரூட்டின் உரிமையோடு இயக்க உதவும் ‘சூடோ’ 1980ஆம் ஆண்டளவில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் தோன்றியது. யூனிக்ஸை ஒத்த லினக்ஸ் இயங்குதளத்தின் பயனர் பலர் இன்றும் புதுப்பிப்பை நிறுவுவது அதன் துணையோடுதான்.

தனிநபர் கணினியின் உலகம் இப்பாடங்களை நெடுங்காலம் ஏற்கவில்லை. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். தனிநபர் கணினி ஒருவர் மேசைக்கெனவே உருவானதால், அதன் டாஸ் இயங்குதளத்தில் பயனர் கணக்கு என்பதே இல்லை. படிக்க மட்டும் எனக் குறிக்கப்பட்ட கோப்பில் எழுத முயல்வது போன்ற வேளைகளில் ‘அணுகல் மறுக்கப்பட்டது’ என்பதைக் குறிக்கும் 5ஆம் எண் பிழை மட்டும் இருந்தது. விண்டோஸ் 95 வரையிலும் அதன் பின்னரும் அந்நிலை தொடர, மறுபுறம் டேவ் கட்லர் தலைமையில் வடிவமைக்கப்பட்டு 1993 ஜூலையில் வெளியான விண்டோஸ் என்.டி., மல்டிக்ஸின் பட்டியல் முறையை முழுவீச்சில் கொண்டுவந்தது. அதில் ஒவ்வொரு பயனருக்கும் குழுவுக்கும் தனி அடையாள எண் உண்டு. இயங்கும் ஒவ்வொரு நிரலும் தன் அடையாளங்களைத் தாங்கிய சீட்டு ஒன்றை ஏந்திச் செல்லும். கோப்பையோ, அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டின் ஒரு பகுதியையோ தொடும்போது அச்சீட்டு அங்குள்ள பட்டியலோடு ஒப்பிடப்படும். பொருந்தாவிடில் எழுவது அதே பழைய 5ஆம் எண் பிழையே.

2001 அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி., என்.டி.யின் கட்டமைப்பை வீடுகளுக்குக் கொண்டுசென்றபோதிலும், நிறுவும்போது உருவாக்கிய கணக்குகள் நிர்வாகிக் கணக்குகளாகவே அமைந்தமையால் காவல் பெயரளவில் நின்றது. பயனர் அறியாமல் நுழைந்த தீநிரலுக்கும் நிர்வாகியின் முழு உரிமை கிட்டியது. 2001இல் கோட் ரெட், நிம்டா ஆகிய கணினிப் புழுக்களும் 2003 ஆகஸ்டில் பிளாஸ்டரும் உலகெங்கும் பரவின. பிளாஸ்டர் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு முந்தைய மாதமே வெளியாகியிருந்தும் எண்ணற்ற கணினிகளில் அது நிறுவப்படவில்லை. 1998இல் விண்டோஸ் 98 உடன் தொடங்கிய இணையவழிப் புதுப்பிப்பு, 2003 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையன்று வரும் ஒழுங்கான நடைமுறையாயிற்று. திருத்தம் ஓயாது வந்து சேர வேண்டும், ஆனால் திருத்தம் என்ற பெயரில் எவரும் இயங்குதளத்தின் உட்கோப்புகளை மாற்றிவிடக் கூடாது என்னும் இரு தேவைகளும் ஒருசேர எதிர்ப்பட்டன.

2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வெளியான விண்டோஸ் விஸ்டா இதற்குக் கண்ட வழி, ரிட்சியின் கருத்தை ஒத்தது. இயங்குதளத்தின் முதன்மைக் கோப்புகளுக்கு நிர்வாகியை விடுத்து ‘டிரஸ்டட் இன்ஸ்டாலர்’ என்னும் நிறுவல் சேவையே உடைமையாளராக்கப்பட்டது. அறங்காவலர் கோயிலின் நிர்வாகம் முழுவதையும் ஏற்றிருப்பினும் கருவறைப் பணி அர்ச்சகருக்கே உரியதாவதுபோல, நிர்வாகி கணினி முழுவதையும் ஆளலாம் எனினும் அக்கோப்புகளை மாற்றும் பணி அச்சேவைக்கே உரியதாயிற்று. ஆப்பிள் நிறுவனமும் 2015இல் தன் கணினி இயங்குதளத்தின் எல் கேபிடன் பதிப்பில் ரூட் பயனராலும் மாற்றவியலாதபடி முறைமைக் கோப்புகளைக் காத்தது. 2020இன் பிக் சர் பதிப்பில் முறைமைப் பகுதி முழுவதையும் எண்முறை முத்திரையிட்டு மூடியது.

இவ்வரலாற்றின் தடங்கள் பிழைச்செய்தியிலேயே உள்ளன. விண்டோஸ் புதுப்பிப்பின்போது காணும் 80070005 என்னும் பதினறும எண்ணில் முன்னுள்ள 8 தோல்வியையும், இடையிலுள்ள 7 பிழையின் துறையையும் குறிக்க, இறுதியிலுள்ள 5 டாஸ் காலத்து அணுகல் மறுப்பேயாகும். ஆகவே பயனருக்கு உரிமை உண்டா என்பதோடு வினா முடிந்துவிடுவதில்லை. நிறுவும் சேவைக்கு எந்தப் பொருளின்மீது உரிமை மறுக்கப்பட்டது என்பதே முதன்மையான வினா. விண்டோஸ் கோப்புறையினுள் இருக்கும் சி.பி.எஸ். பதிவுக்கோப்பு, மறுப்பு நிகழ்ந்த இடத்தைப் பெரும்பாலும் காட்டிவிடும். அவ்விடத்தின் பட்டியல் யாராலோ மாற்றப்பட்டிருக்கலாம். நச்சுநிரல் தடுப்பான் இடையில் புகுந்து தடுத்திருக்கலாம். பதிவிறக்கக் கோப்புறை சிதைந்திருக்கலாம். தடுப்பானைச் சற்று நிறுத்திப் பார்த்தல், புதுப்பிப்புச் சேவையை நிறுத்திப் பதிவிறக்கக் கோப்புறையின் பெயரை மாற்றி அதனைப் புதிதாய் உருவாகவிடுதல், முறைமைக் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்.எஃப்.சி., டிஸ்ம் ஆகிய கருவிகளை இயக்குதல், பதிவு காட்டிய பொருளின் பட்டியலை மட்டும் முன்னிருந்தவாறு மீட்டல், எதற்கும் இணங்காவிடில் சொந்தக் கோப்புகளை வைத்துக்கொண்டு இயங்குதளத்தை அதன்மேலேயே மீண்டும் நிறுவுதல் என்னும் வரிசை அதனால்தான் ஏற்புடையது.

இதற்கு நேர்மாறாக, பொறுமை இழந்து வட்டு முழுவதையும் ‘அனைவருக்கும் முழு உரிமை’ என்று திறந்துவிடுவது, ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே அமைந்த பட்டியல்களை அழித்து, கணினியை விண்டோஸ் 95இன் காவலற்ற காலத்துக்கே திருப்பி அனுப்புவதாகும். அழிந்த அப்பட்டியல்களை முழுமையாக மீட்பது அரிது. மறுப்புச் செய்தியைக் கண்டதும் புதுப்பிப்பையே கைவிடுவதும் அதற்கு நிகரான தவறு. 2017 மே மாதத்தில் வானாகிரை என்னும் தீநிரல் தாக்கியபோது, அதற்குரிய திருத்தம் மார்ச் மாதமே வெளியாகியிருந்தும் அதனை நிறுவாத கணினிகளே பெருமளவில் வீழ்ந்தன. காவலும் வேண்டும், புதுப்பிப்பும் வேண்டும். ஆதலால் மறுக்கப்பட்ட இடத்தைக் கண்டறிந்து, உரிய சேவைக்கு உரிய அளவு உரிமையை மட்டும் மீட்டுத் தருவதே நிலைத்த தீர்வு.