தாவுபலகைக் கதை

தாவுபலகைக் கதை என்பது, நிறுவனத்தில் வரவிருக்கும் மாற்றத்தை ஊழியர்கள் தாமே எண்ணிப் பார்க்கத் தூண்டும்படி மேலாளர் சொல்லும் சிறிய உண்மைக் கதை. உலக வங்கியில் பணியாற்றிய ஆஸ்திரேலியரான ஸ்டீபன் டென்னிங் வகுத்த இம்முறை, அவரது 'தி ஸ்பிரிங்போர்டு' (2000) நூலின் வழியே மேலாண்மைப் பயிற்சிகளில் பரவியது.

உலக வங்கி கடன் கொடுத்தால் மட்டும் போதாது, தன்னிடம் சேர்ந்துள்ள அறிவையும் உலகுக்குத் தர வேண்டும் என்று 1996-இல் டென்னிங் வாதாடினார். விளக்கப்படங்களைக் காட்டியபோது யாரும் அசையவில்லை. பிறகு அவர் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லத் தொடங்கினார். 1995 ஜூனில் ஜாம்பியாவின் கமானா என்ற சிற்றூரில் ஒரு சுகாதார ஊழியருக்கு மலேரியா சிகிச்சையில் ஐயம் எழுந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் இணையதளத்தில் அவருக்கு விடை கிடைத்தது. வறுமை ஒழிப்பைப் பற்றி இவ்வளவு அறிந்த உலக வங்கி அங்கே எங்கும் இல்லை. இருந்திருந்தால்? கேட்டவர்கள் அந்தக் கேள்வியைத் தத்தம் துறைக்குக் கொண்டுபோனார்கள். 1996 அக்டோபரில் வங்கியின் தலைவர் ஜேம்ஸ் வுல்ஃபன்சன், அறிவைப் பகிர்வது இனி வங்கியின் பணி என ஆண்டுக் கூட்டத்தில் அறிவித்தார்.

தாவுபலகைக் கதையில் வருபவர் ஒருவரே. கேட்போர் தம்மை அவரிடத்தில் வைத்துப் பார்க்க முடிய வேண்டும். இடமும் காலமும் உண்மையாக இருக்க வேண்டும், முடிவு நல்லதாக அமைய வேண்டும். வர்ணனையைப் பெரிதும் குறைக்கச் சொல்வதுதான் இம்முறையின் நுட்பமான பகுதி. கமானாவின் வெயிலையும் புழுதியையும் விரித்துரைத்தால் கேட்பவர் மனம் ஜாம்பியாவிலேயே தங்கிவிடும். சுருங்கச் சொன்னால் தன் அலுவலகத்துக்குத் திரும்பி வரும்.

ஆட்குறைப்பு போன்ற மாற்றங்களுக்கு இது பொருந்தாது. வேலை இழக்கப்போகிறவரிடம் நல்ல முடிவுள்ள கதையைச் சொல்வது அவரை ஏமாற்றுவதாகும். மேலும், நிறுவனத்தில் கதை சொல்பவர் மேலாளர் மட்டுமல்லர். அலுவலகப் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தை ஆராய்ந்த டேவிட் போஜே, அங்கே கதைகள் துண்டு துண்டாக, ஒருவர் தொடங்க மற்றவர் குறுக்கிட்டு வளர்ப்பதை 1991-இல் பதிவுசெய்தார். அந்தப் பேச்சைக் கேட்கக் கற்றுத்தராத பயிற்சி அரைகுறையானதே. ஆர்ட் கிளைனரும் ஜார்ஜ் ராத்தும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வளர்த்த 'கற்றல் வரலாறு' முறை இக்குறையை ஓரளவு நிரப்புகிறது. அதில் மாற்றத்தை அனுபவித்தவர்களின் சொற்கள் வலப்பத்தியிலும் ஆய்வாளரின் குறிப்புகள் இடப்பத்தியிலும் அச்சாகும். அதை வைத்துக்கொண்டு மேலாளர்களும் ஊழியர்களும் கூடி விவாதிப்பார்கள்.